வேலை நாளில் போடாத குளிசை

பிறஷர் குளிசையை நான் ஒழுங்காகப் போடத் தொடங்கியது ஒருவனைப் பழிவாங்க. டொக்டர் சொன்னதற்காக இல்லை. டொக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடமும் நான் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் ஜேர்மனியில் வுப்பர்டாலில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிகளின் துணி வரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஒப்பரேஷனுக்குப் போடும் பச்சை உடுப்பு. கட்டடத்தின் நடுவில் ஒரு சுவர். மிஷின்கள் அந்தச் சுவருக்குள் நிற்கும். அந்தப் பக்கம் அழுக்காகப் போட்டால் இந்தப் பக்கம் வெளுத்து வரும். அழுக்குப் பக்கத்தில் நிற்பவர் சுத்தப் பக்கம் வரக்கூடாது. சுவரில் ஒரு கண்ணாடி யன்னல் மட்டும் இருந்தது.

நான் சுத்தப் பக்கம். மாங்கெல் என்று ஒரு மிஷின். கொதிக்கக் கொதிக்கச் சுற்றும் பெரிய உருளைகள். ஈர விரிப்பின் இரண்டு மூலையையும் இரண்டு பேர் பிடித்து ஒரே நேரத்தில் கொடுக்கவேண்டும். ஒருவர் கையை விட்டால் துணி கோணலாகப் போகும். மிஷினை நிற்பாட்டவேண்டும். ஆகவே ஒருவர் மட்டும் விட்டுவிட்டுப் போக ஏலாது.

எனக்குச் சோடி ஒரு மன்னார்க்காரி. வேதக்காரி. வேலைச் சட்டைப் பைக்குள் செபமாலை கிடக்கும். என்னைவிட நாலு வயது இளமை. என்னைவிட நன்றாகச் சிரிப்பாள்.

எங்கள் வரிசையில் நின்றது எட்டுப் பேர். எல்லோரும் தமிழ்ப் பெண்கள். எங்களுக்கு மேலே ஒரு ஃபோர்ஆர்பைட்டர். வேலையாட்களுக்கு முன்னால் நிற்கிறவர். அவரும் எங்கள் ஆள். யாழ்ப்பாணம். எங்களுக்கு முதல் வந்தவர். ஜேர்மன்காரரின் டொச் பாஷை நன்றாகக் கதைப்பார். எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தது அவர்தான். அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வந்தால் கொண்டுபோய்க் காட்டுவோம். வாசித்துச் சொல்வார். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வந்தால் சனம் வழிவிடும். செத்த வீடு என்றால் அவர்தான் எழும்பிப் பேசுவார். எல்லோருக்கும் அண்ணை. எனக்கும் அண்ணைதான். இப்போது அவன் என்றுதான் வாயில் வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாளே சொன்னான்.

"தங்கச்சியவை, கேளுங்கோ. இது ஜேர்மன் கொம்பனி. ஒன்பது மணிக்கு ஒருக்கால். பன்னிரண்டரைக்கு ஒருக்கால். இடையில டொய்லெற் எண்டு மிஷினை விட்டுட்டுப் போகக்கூடாது. இஞ்சத்தைச் சட்டம். கேட்டால் எழுதிப்போட்டு வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்."

நம்பினோம். எங்கள் கடிதத்தை வாசிக்கிறவன் சொன்னால் சட்டம்தானே. நான் எட்டாம் வகுப்பு. ஊரில் சட்டம் என்றால் ஆமிக்காரன் சொல்வது. இங்கே இவன் சொன்னான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த வருடம் பிடரி இடிக்கத் தொடங்கியது. வழமையாகப் பார்க்கிற வீட்டு டொக்டரிடம் போனேன். வயதான ஜேர்மன்காரி. கையில் பட்டி கட்டி அளந்தா. திரும்ப அளந்தா. மற்றக் கையிலும் அளந்தா. நூற்றித் தொண்ணூறு. குளிசை எழுதித் தந்தா. ஒரு குளிசைக்குள் இரண்டு மருந்து என்றா. ஒன்று இரத்தக் குழாயைத் தளர்த்தும். மற்றது உடம்பில் நிற்கிற தண்ணியை இறக்கும். காலையில் ஒன்று.

"ஒரு நாளும் விடக்கூடாது," என்றா.

ஓம் என்றேன்.

ஐந்து மணிக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஆறு மணிக்கு வேலை தொடக்கம். ஆறரைக்கு மூத்திரம் முட்டிவிட்டது. கையைத் தூக்கினேன். அவன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான்.

"என்ன தங்கச்சி, வந்து அரை மணித்தியாலம் ஆகேல்லை. வீட்டில கக்கூசு இல்லையோ?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது மணிவரை காலை நெரித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாளும் கையைத் தூக்கினேன். அவன் மற்றப் பெண்களைப் பார்த்துச் சொன்னான்.

"மிஷினுக்குத் தண்ணி காணாதாம். தங்கச்சியிட்டக் கேட்டுப் பாருங்கோ. அவவிட்ட நிறையக் கிடக்காம்."

மூன்றாம் நாள் கையைத் தூக்கவில்லை. எட்டரை மணிக்கு அடக்க ஏலாமல் போய்விட்டது. உடுப்பு நனைந்து கால் வழியே இறங்கியது. நான் அசையவில்லை. முகத்தையும் மாற்றவில்லை. மன்னார்க்காரி கீழே பார்த்தாள். வண்டியிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு விரிப்பை இழுத்து என் மேல் விழுத்தினாள்.

"ஐயோ! கை வழுக்கிப் போச்சு!"

என் உடுப்பெல்லாம் ஈரம். எல்லோரும் துணித் தண்ணி என்று நினைத்தார்கள். அவன் அவளைத்தான் பேசினான். அவள் தலையைக் குனிந்துகொண்டு பேச்சு வாங்கினாள். எனக்காக ஒருவர் செய்ததில் அதைவிடப் பெரியது வேறு இல்லை.

அன்றிலிருந்து வேலை நாளில் குளிசை போடுவதை விட்டேன். சனி ஞாயிறு போடுவேன். டொக்டர் வரச்சொல்லித் தெர்மின், தவணை நாள், இருந்தால் அதற்கு முந்தின வாரம் லீவு எடுத்து, ஒவ்வொரு நாளும் போடுவேன். தெர்மின் அன்று பிறஷர் நூற்றிமுப்பது. டொக்டருக்குச் சந்தோசம். எனக்கும் ஒன்றும் நோகவில்லை. பிறஷர் நோகாது. அதுதான் அதன் பொல்லாப்பு.

ஒரு வருடம் கழித்து மன்னார்க்காரிக்கும் பிறஷர் என்றார்கள். இடைவேளைக்குள் பெட்டியை எடுத்துக் காட்டினாள்.

"இதுதானே உமக்கும்?"

"ஓம். அதே பெட்டி."

"இதைப் போட்டால் நானும் கையைத் தூக்க வேண்டி வருமே. அண்ணை என்னையும் வைச்சு நாடகம் போடுவார்."

"வேலை நாளில போடாதையும். டொக்டரிட்டப் போக முந்தி ஒரு கிழமை போடும். பிறஷர் நல்லாய் நிக்கும்."

"ஆண்டவரே! டொக்டரை ஏமாத்துறதோ?"

"டொக்டர் வந்து மாங்கெலில நிக்கிறாவோ?"

அவளுக்கு விழுந்து விழுந்து சிரிப்பு. பிறகு நான் சொன்னபடியே செய்தாள்.

அந்த வழியைச் சொல்லிக்கொடுத்தது நான். அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

இரண்டாயிரத்து நாலு மாரியில் எனக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. இரண்டாம் மாடியில் நின்று மூச்சு எடுக்கவேண்டும். கையில் சாமான் பை இருந்தால் முதலாம் மாடியிலேயே நிற்பேன். வீட்டு டொக்டர் என்னை இதய டொக்டரிடம் அனுப்பினா.

ஒரு வியாழக்கிழமை. இருட்டறை. இடப் பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார். குளிர்ந்த களியைப் பூசி ஒரு கட்டையை நெஞ்சில் அழுத்தினார். திரையில் என் இதயம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடியது. அவர் அதை நிற்பாட்டி இரண்டு புள்ளி வைத்து அளந்தார். வேறு இடத்தில் வைத்தும் அளந்தார்.

"பதினைந்து மில்லிமீட்டர்," என்றார். "பத்து, பதினொன்றுக்குள் இருக்கவேண்டிய சுவர்."

எனக்கு விளங்கவில்லை. மெதுவாகச் சொன்னார். பிறஷர் கூடினால் இதயம் ஒவ்வொரு தடவையும் அழுத்தித் தள்ளவேண்டும். வருடக் கணக்கில் அப்படித் தள்ளினால் சுவர் தடிக்கும்.

எங்கள் தொழிற்சாலையில் ஈரத் துணி வண்டி தள்ளுகிற ஒரு போலந்துக்காரி இருந்தாள். வரும்போது மெல்லிய கை. இரண்டு வருடத்தில் புயம் ஆம்பிளைப் புயம் மாதிரி ஆகிவிட்டது. அதை நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப பலம்தானே? நல்லதுதானே?"

அவர் இல்லை என்றார். தடித்த சுவர் விறைத்துப் போகும். விரியாது. விரியாவிட்டால் உள்ளே இரத்தம் நிறைய இடமில்லை. நிறையாவிட்டால் எதைத் தள்ளுவது? அதனால்தான் படியேற இளைக்கிறது. தள்ளும் சக்தி இன்னும் இருக்கிறது. இப்படியே விட்டால் அதுவும் போகும்.

அது விளங்கியது. சலவை மிஷினுக்குள் துணியை அமத்தி அமத்தி அடைத்தால் தண்ணிக்கு இடமிராது. மிஷின் ஊளையிட்டுக்கொண்டு சுற்றும். துணி வெளுக்காது.

"திரும்ப மெலியுமோ?" என்று கேட்டேன்.

"மருந்தை ஒழுங்காகப் போட்டால் மெலியலாம். ஒவ்வொரு நாளும். வருடக் கணக்கில்." பிறகு என் அட்டையைப் பார்த்தார். "இதில் பிறஷர் எப்போதும் நூற்றிமுப்பது என்று இருக்கிறது. நூற்றிமுப்பதில் இருக்கிற ஆளுக்கு இந்தச் சுவர் வராது. மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா?"

"ஓம்," என்றேன்.

அவர் அட்டையை மூடினார். இருபத்திநாலு மணித்தியாலம் பிறஷர் அளக்கிற மிஷின் ஒன்று தருவதாகச் சொன்னார். இரண்டு கிழமையில் தெர்மின். வேலை நாளில்தான் போடவேண்டும் என்றார்.

அடுத்த நாள் வெள்ளி. ஆறு மணியிலிருந்து மன்னார்க்காரியோடு நின்றேன். அவளும் என்னைப் போலத்தான் போடாமல் இருக்கிறாள், அவளுடைய சுவரும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. அவன் பின்னால் நின்றான். ஒன்பது மணி இடைவேளையிலும் சொல்லவில்லை. வெட்கம். நான் சொல்லிக்கொடுத்தது பிழை என்று எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை சொல்லுவோம் என்று விட்டேன்.

ஞாயிறு பூசைக்குப் போனவள் கோயில் படியில் இருந்தாள். இருந்தபடியே சரிந்தாள். அம்புலன்ஸ் வந்தபோது முடிந்துவிட்டது. இதயம் தடித்துப் பெருத்திருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அவளுடைய புருசன் அதை எனக்குச் சொன்னார். அவருக்கு நான் என் பங்கை இன்றுவரை சொல்லவில்லை.

செத்த வீட்டுக்குத் தொழிற்சாலைப் பெண்கள் எல்லோரும் போனோம். சுவாமியார் செபித்து முடிந்ததும் அவன் எழும்பினான். கறுப்புக் கோட்டு. கையில் கடதாசி இல்லை. அவனுக்குக் கடதாசி தேவையில்லை.

"மூன்று வருடம் என்னோடு வேலை செய்த பிள்ளை," என்றான். "ஒரு நாளாவது முகம் சுளித்ததில்லை. ஒரு நாளாவது இடையில் மிஷினை விட்டு அகன்றதில்லை. அப்படி ஒரு உழைப்பாளியை இனிக் காண ஏலாது."

சனம் அழுதது. புருசனும் அழுதார். நான் அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அகன்றதில்லையாம். அகல விட்டால்தானே.

வெளியே வந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"குறையில்லாமல் பேசினனான் என்ன தங்கச்சி?"

"ஓம் அண்ணை. நல்லாய்ப் பேசினியள்."

"எங்கட சனத்துக்கு ஆர் செய்யிறது? நான்தானே செய்யவேணும். உங்களுக்கும் நான்தான் செய்வன்." பகிடியாகச் சொல்லிவிட்டுத் தோளில் தட்டினான்.

அந்த இடத்தில் முடிவெடுத்தேன். என் சவப்பெட்டிக்கு முன்னால் இவன் நின்று ஒரு வசனம் பேசக்கூடாது. அதற்கு நான் இவனைவிடக் கூட நாள் உயிரோடு இருக்கவேண்டும். இருப்பதற்கு முதல், இவனை அந்த மிஷினுக்கு முன்னாலிருந்து இறக்கவேண்டும்.

பிறஷர் அளக்கிற மிஷினை வாங்கப் போன அன்று இதய டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். வேலை நாளில் போடுவதில்லை. ஏன் போடுவதில்லை. என் சோடி செத்தது. என் டொச் முறிந்த டொச். ஆனால் அவருக்கு விளங்கியது. பேனையை வைத்துவிட்டார்.

"யார் சொன்னது கழிப்பறைக்குப் போகக்கூடாது என்று?"

"சட்டம்," என்றேன்.

"எந்தச் சட்டம்? அப்படி ஒன்று இந்த நாட்டில் இல்லை."

நான் கதிரையில் அப்படியே இருந்தேன். மூன்று வருடம். நான் ஒரு வயதுபோன மனுசி மாதிரி நனைந்துகொண்டு நின்றது. அவள் கோயில் படியில் சரிந்தது. எல்லாம் இல்லாத சட்டத்துக்கு.

டொக்டர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதைக் கைப்பையில் வைத்தேன். அவனிடம் வாசிக்கக் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை இடக் கையில் பட்டி, இடுப்பில் பெட்டியோடு வேலைக்குப் போனேன். மன்னார்க்காரியின் இடத்தில் போலந்துக்காரியை விட்டிருந்தார்கள். அவன் வந்தான்.

"என்ன தங்கச்சி, இடுப்பில குண்டு கட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பிறஷர் பாக்கிற மிஷின் அண்ணை."

"கழட்டி வையுங்கோ. வேலை முடிய மாட்டலாம்."

"ஏலாது."

அந்தச் சொல்லை அவன் என் வாயிலிருந்து அதுவரை கேட்டதில்லை. நான் குளிசையை எடுத்தேன். குழாயடிக்குப் போய்ப் பெரிய கோப்பை நிறையத் தண்ணி எடுத்தேன். அவனுக்கு முன்னால் நின்று போட்டேன். தண்ணி முழுவதையும் குடித்தேன்.

இருபது நிமிசத்துக்கு ஒருதரம் பட்டி இறுகும். இறுகும்போது கையை அசைக்கக்கூடாது. கையைத் தொங்கவிட்டு நின்றேன். உருளை சும்மா சுற்றியது. விரிப்பு வண்டியில் குவிந்தது. ஆறரைக்கு முட்டியது. கையைத் தூக்காமல் நடந்தேன்.

"எங்க போறியள்?"

"டொய்லெற்றுக்கு."

"ஒன்பது மணிக்குப் போகலாம்."

"எனக்கு இப்பதான் வருது."

போனேன். ஆறுதலாக இருந்தேன். கையைக் கழுவினேன். இரண்டு கையையும் துடைத்தேன். திரும்பி வந்தேன். ஏழே காலுக்கு ஒரு தரம். எட்டு மணிக்கு ஒரு தரம். எட்டரைக்கு ஷெஃபின் வந்தா. எல்லோருக்கும் மேலே இருக்கிற ஜேர்மன்காரி. நெட்டை. எங்கள் வரிசைதான் அந்தத் தொழிற்சாலையில் அதிகம் துணி போடும் வரிசை. அதற்காக வருடம் முடிய அவனுடைய கையைக் குலுக்கிப் பாராட்டுவா. அந்த வரிசை ஏன் நிற்கிறது என்று கேட்டா.

அவன் என் பக்கம் குனிந்தான்.

"தங்கச்சி, வயித்துக்குத்து எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் சமாளிக்கிறன்."

டொச்சில் தடை என்பதற்கு ஒரு சொல் இருக்கிறது. எல்லாச் சுவரிலும் எழுதியிருக்கும். அகதிகள் எல்லோருக்கும் முதலில் தெரிகிற சொல். அதைச் சொன்னேன். டொய்லெற் எங்களுக்குத் தடை. மூன்று வருடம். இந்த மனிசன் சொன்னது. என் சோடி குளிசை போடவில்லை. செத்துவிட்டா. நானும் போடவில்லை. என் இதயம் பதினைந்து. டொக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன்.

அவன் இடையில் புகுந்து வேகமாகக் கதைத்தான். எனக்கு டொச் விளங்காது, பிழையாக விளங்கிக்கொண்டேன் என்கிறான் என்று தெரிந்தது. ஷெஃபின் அவனைப் பார்க்கவில்லை. மற்றப் பெண்களைப் பார்த்துக் கேட்டா, உண்மையா என்று. ஆறு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவனுக்கு முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது.

அப்போது போலந்துக்காரி சொன்னாள்.

"நான் வேண்டியபோது போவேன். இவர்கள் ஒருநாளும் போவதில்லை. இவர்களுடைய சமயம் என்று நினைத்தேன்."

ஷெஃபின் அந்தக் கடிதத்தை மடித்தா. அவனைக் கூட்டிக்கொண்டு மேலே போனா. அவன் படியேறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டி இறுகியது. அந்த நேரத்துப் பிறஷர் எவ்வளவு என்று பிறகு டொக்டர் காட்டினார். அன்று முழுக்க அதுதான் மிகக் குறைவு.

அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. அழுக்குப் பக்கம் போட்டார்கள். சாதாரண வேலையாள். மஞ்சள் உடுப்பு, கையுறை, முகமூடி. ஆஸ்பத்திரிப் பையை அவிழ்த்து இரத்தத் துணி வேறு, மலத் துணி வேறு என்று பிரிக்கவேண்டும். நான் மாங்கெலில் நின்றால் கண்ணாடி யன்னலுக்கால் அவனுடைய முதுகு தெரியும். போலந்துக்காரி இடம் மாறுவோமா, யன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றாள். வேண்டாம், இது எனக்கு நல்ல இடம் என்றேன்.

சனம் என்னோடு கதைக்கவில்லை. என் மனிசன் கூட இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கட ஆளப்பா. விட்டிருக்கலாம்."

"எங்கட ஆள் எண்டபடியால்தான் நம்பினனான்."

அந்த வருடம் ஊன்ட்றொப் தேருக்குப் போனோம். வாய்க்கால் கரையில் எங்கள் வரிசைப் பெண் ஒருத்தி, எனக்குக் கேட்கட்டும் என்று மற்றவளுக்குச் சொன்னாள்.

"எங்கட ஆளை வெள்ளையிட்டக் காட்டிக் குடுத்த ஆள் வாறா."

நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஓம். நான்தான். இப்ப நீர் வேலைக்குள்ள எத்தினை தரம் போறனீர்?"

அவள் சீலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"மூண்டு தரம்," என்றாள்.

"அப்ப சரி."

அதன் பிறகு குளிசை ஒரு நாளும் விடவில்லை. தேர் அன்று விரதம். அன்றும் போட்டேன். காய்ச்சல் வந்தபோதும் போட்டேன். அந்தக் குளிசையால் ஒரு வறட்டு இருமல் வந்தது. இருமி இருமி விலா நொந்தது. நிற்பாட்டச் சொல்லி மனிசன் கெஞ்சினார். நிற்பாட்டினால் அவன் வெல்வான் என்று எனக்குள் இருந்தது. வீட்டு டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அது சிலருக்கு வருவதுதான் என்று வேறு குளிசை மாற்றித் தந்தா. இருமல் போனது. சிலர் உடம்புக்குப் பயந்து குளிசை போடுவார்கள். நான் காலையில் கோப்பையைத் தூக்கும்போது அவனுடைய முகத்தைத்தான் நினைப்பேன். கடவுள் படத்துக்கு முன்னால் நின்றும் அதைத்தான் நினைத்தேன்.

ஒரு வருடம் முடிய இருட்டறைக்குப் போனேன். பதினாலு.

"ஒரு மில்லிமீட்டரோ?" என்று கேட்டேன். எனக்கு ஆத்திரம்.

"அது நல்ல செய்தி," என்றார் டொக்டர். "தடிக்க எத்தனை வருடம் எடுத்தது? மெலியவும் எடுக்கும்."

இரண்டாம் வருடமும் பதினாலுதான். அன்று வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. அவன் யன்னலுக்கு அந்தப் பக்கம் கொழுத்துக்கொண்டு நிற்கிறான், எனக்கு ஒரு மில்லிமீட்டர்தான் கிடைத்தது என்று இருந்தேன். டொக்டர் இன்னொரு குளிசை கூட்டினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். கருவாட்டை விட்டேன். ஊறுகாயை விட்டேன். அது குளிசையைவிடக் கஷ்டம்.

மூன்றாம் வருடம் அவர் அளந்தார். திரும்ப அளந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

"பன்னிரண்டு."

எழும்பி இருந்தேன். சுவர் முன்னைவிட இலகுவாக விரிகிறது என்று திரையில் காட்டினார். இரத்தம் வந்து நிறைவது, வெளியே போவது. எனக்கு அந்தப் படம் விளங்காது. ஆனால் மூன்று மாடியையும் நிற்காமல் ஏறுகிறேன் என்பது எனக்கு முதலே தெரியும்.

"இனி முழுதாக மெலியுமா என்று சொல்ல ஏலாது," என்றார். "குளிசை கடைசிவரை போடவேண்டும்."

"போடுறன்."

"உங்களைப் போல ஒழுங்காகப் போடும் ஆட்கள் குறைவு. எப்படி முடிந்தது?"

அதற்கு என்னிடம் டொச் இருக்கவில்லை. தமிழில் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றேன். பின்னேரம் இரண்டரை. அவனும் அங்கே நின்றான். மூன்று வருடமாக அவன் ஒரு மூலையில் நிற்பான், நான் மற்ற மூலையில். அன்று கிட்ட வந்தான். முகம் ஊதிப்போய்க் கறுத்திருந்தது. தரிப்புக்கு நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கினான்.

"தங்கச்சி."

நான் றோட்டைப் பார்த்தேன்.

"உங்களுக்கு இப்ப எப்பிடி? சுகமோ?"

"பன்னிரண்டு."

"என்ன பன்னிரண்டு?"

"இதயச் சுவர். முந்திப் பதினைஞ்சு."

"எனக்குப் பதினாறாம்," என்றான். "போன மாசம் பாத்தவங்கள். குளிசை தந்தவங்கள். தண்ணி இறக்கிற சாமான்."

"போடுறியளோ?"

"அழுக்குப் பக்கம் தெரியும்தானே. ஒருக்கால் போறதெண்டால் உடுப்பு முழுக்கக் கழட்டவேணும். கை கழுவி மருந்து பூசவேணும். திருப்பிப் புது உடுப்பு போடவேணும். ஒருக்காலுக்குக் கால் மணித்தியாலம். அங்க நிக்கிறவங்கள் கிழவன் கிழவன் எண்டு சிரிக்கிறாங்கள்." நிறுத்தினான். "வேலை நாளில போடுறதில்லை."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். எவ்வளவு காலம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் இரண்டாம் மாடியில் இளைக்கும். பிறகு முதலாம் மாடியில். பிறகு அவளைப் போல ஒரு படியில் இருப்பான். அதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பஸ் வளைவில் தெரிந்தது. அது வந்து சேரும் நேரம் மட்டும் எனக்கு இருந்தது.

"போடுங்கோ," என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். கண் கலங்கியது.

"தங்கச்சி, நான் உங்களுக்கு..."

"அதை விடுங்கோ. உங்களுக்காகச் சொல்லேல்லை. நீங்கள் சுகமாய்ச் செத்துப்போகக்கூடாது. பென்சன் எடுக்கும்வரைக்கும் அந்தப் பக்கத்தில நிக்கவேணும். நான் இந்தப் பக்கத்தில நிக்கிறதை ஒவ்வொரு நாளும் பாக்கவேணும். அதுக்குப் போடுங்கோ."

பஸ் வந்தது. கதவு திறந்தது. அவன் ஏறவில்லை. நான் ஏறினேன். பஸ் வெளிக்கிட முதல் கதவடியில் வந்து கேட்டான்.

"காலையிலயோ, பின்னேரமோ?"

"காலையில. சாப்பாட்டுக்கு முந்திப் பிந்திப் பரவாயில்லை. ஒரு நாளும் விடாதையுங்கோ."

கதவு மூடியது.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மாங்கெலில் நின்றபடி யன்னலைப் பார்த்தேன். அவன் கையுறையைக் கழற்றினான். மஞ்சள் உடுப்பைக் கழற்றினான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தான். ஏழேகாலுக்குத் திரும்பவும் கழற்றினான். திரும்பவும் சிரித்தார்கள். போலந்துக்காரி விரிப்பின் மற்ற மூலையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். நான் என் மூலையைப் பிடித்து உருளைக்குள் கொடுத்தேன். அது நேராகப் போனது.